ஆறு கொப்பரைகளும் ஒரு பாராட்டு விழாவும்

வியாழக்கிழமை மாலை என்றால் வடிவு தன் கணவனைப் பார்க்கப் போவாள். அன்றைக்கும் போனாள். துயில்கூடத்து வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, மேல்சட்டையைக் கழுத்துவரை பொத்தானிட்டுக்கொண்டு, மூன்றாம் வரிசையில் மேலிருந்து இரண்டாவது பேழையைப் பிடித்து இழுத்தாள். பேழை சத்தமில்லாமல் வெளியே வந்தது. கண்ணாடிக்கு அடியில் கோமதிநாயகம் படுத்திருந்தான். தாடி வளரவில்லை, நகம் வளரவில்லை, போன வாரம் எப்படி இருந்தானோ அப்படியே இருந்தான். கண்ணாடியில் படிந்திருந்த பனியை அவள் கைக்குட்டையால் துடைத்தாள்.

"என்னங்க, நான்தான் வந்திருக்கேன்," என்றாள். "தண்ணிக் குழாய் மறுபடியும் ஒழுகுது. நீங்க எந்திரிச்சுதான் பாக்கணும்."

பக்கத்துப் பேழையருகே ஒரு பெண், உறங்கும் புருஷனிடம் மாமியாரைப் பற்றிக் கோள் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிர்வரிசையில் ஒருவர் முக்காலி போட்டு உட்கார்ந்து, மகளின் தேர்வு மதிப்பெண்களை மனைவிக்குப் படித்துக் காட்டினார். கணக்கில் குறைந்திருந்ததை மட்டும் முழுங்கிவிட்டார். வியாழக்கிழமை பார்வையாளர் நேரம் இப்படித்தான் கலகலவென்று இருக்கும். பதில் மட்டும் ஒரு பேழையிலிருந்தும் வராது.

வெஸ்டா என்ற குறுங்கோளைக் குடைந்து அமைத்த பொருநை நிலையத்தில் இதைப் பார்த்து ஒருவரும் ஆச்சரியப்படுவதில்லை. நிலையத்துக்கு இருந்தது ஒரே ஓர் அணு உலை. அதன் மின்சாரம் பாதிப் பேருக்குத்தான் போதும். ஒரு மனிதன் கண் விழித்திருப்பது சாதாரணச் செலவா? மூச்சுக்குக் காற்று, உடம்புக்குச் சூடு, குளிக்கத் தண்ணீர், படிக்க வெளிச்சம், நடுவில் நொறுக்குத் தீனி வேறு. உறங்குகிறவனுக்கு இதெல்லாம் வேண்டாம். உடம்பைக் குளிரவைத்து உயிரை மட்டும் பிடித்துவைத்திருக்கும் அந்த நிலைக்கு உறைதுயில் என்று பெயர். யாருக்கு எந்தப் பருவத்தில் வேலையோ அந்தப் பருவத்தில் அவர் விழித்திருப்பார். வேலை முடிந்ததும் பேழைக்குள் போய்விடுவார்.

இதில் மாட்டிக்கொண்டவர்கள்தான் வடிவும் கோமதிநாயகமும். அவன் சுரங்கம் குடைகிறவன். அவள், குடைந்த சுரங்கத்தின் சுவர்களில் காற்று கசியாமல் பூசுகிற அடைபிசினைக் காய்ச்சும் ஆலையில் பொறியாளர். குடைகிறபோது பூச முடியாது, பூசுகிறபோது குடைய முடியாது. ஆகவே அவன் எழுந்தால் அவள் உறங்கவேண்டும், அவள் எழுந்தால் அவன் உறங்கவேண்டும். கல்யாணம் பேசும்போதே எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் கேட்டால்தானே? பூமியில் ஒரு காலத்தில் புருஷன் ஒரு மாவட்டத்திலும் பெண்டாட்டி ஒரு மாவட்டத்திலும் வேலை பார்த்துக்கொண்டு, இடமாறுதல் கேட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்களாம். அவர்களாவது சனிக்கிழமை ஒரு பேருந்தைப் பிடித்துப் போய்ப் பார்த்திருப்பார்கள். இவர்களுக்குப் பருவம் மாறும் ஒரே ஒரு நாள்தான். அந்த நாளிலும் பாதி, பேழையிலிருந்து எழுந்தவர் குமட்டிக் குமட்டி வாந்தி எடுப்பதில் போய்விடும். ஐந்து வருடக் குடித்தனத்தில் அவர்கள் சேர்ந்து சாப்பிட்ட சாப்பாட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

"இந்தத் தடவை விட மாட்டேன்," என்றாள் வடிவு கண்ணாடியைப் பார்த்து. "ஒரு பருவம் முழுசும் உங்களை எழுப்பி எம்பக்கத்துல வெச்சுக்கிடுதேன். பாருங்க."

வெறும் பேச்சாக அவள் இதைச் சொல்லவில்லை. நிலையத்தில் ஒரு சேமிப்பு விதி இருந்தது. எந்தப் பிரிவு தன் மின்செலவில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கிறதோ, அந்தச் சேமிப்பு அந்தப் பிரிவுக்கே சொந்தம், அதைப் பிரிவின் நலனுக்குச் செலவிட்டுக்கொள்ளலாம். ஒருவரை ஒரு பருவம் விழிக்கவைக்க என்ன ஆகும் என்று அவள் அளவனிடம் கேட்டுவைத்திருந்தாள். அளவன் என்பது நிலையத்தின் ஆற்றல் கணக்கைப் பார்க்கும் எந்திர அறிவு. எல்லோர் காதுக்குள்ளும் பொருத்தியிருந்த செவிமணி வழியாகப் பேசும். ஐந்தில் ஒரு பங்கு மிச்சமானால் கோமதிநாயகத்தை மட்டுமல்ல, ஆலையில் வேலை பார்க்கிற மற்றவர்களின் கணவன், மனைவியையும் எழுப்பிவிடலாம் என்று அது சொல்லியிருந்தது. அன்றிலிருந்து வடிவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிடும்போதும் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

ஆலையில் ஆறு கொப்பரைகள். ஒவ்வொரு கொப்பரையிலும் ஒரு தடவை காய்ச்சி இறக்குவதை, இட்லிக்குச் சொல்வதுபோல, ஈடு என்று சொல்வார்கள். பகலில் ஈடு ஏற்றுவார்கள், கொதிக்கும், இறக்குவார்கள், ஆறும், கழுவுவார்கள், மறுபடியும் ஏற்றுவார்கள். இதில் கரண்டு எங்கே ஓட்டையாகப் போகிறது என்று வடிவு கொப்பரை கொப்பரையாகத் தலையை விட்டுப் பார்த்தாள். வெப்பக்காப்பு உறைகள் நன்றாகத்தான் இருந்தன. கலக்கிகள் ஒழுங்காகச் சுற்றின. விஷயம் வேறு இடத்தில் இருந்தது. அது தினமும் எல்லோர் கண் முன்னாலும் நடந்துகொண்டிருந்தது, அதனால்தான் யாரும் பார்க்கவில்லை.

ஆறு கொப்பரைகளையும் ஒரே நேரத்தில் ஏற்றினார்கள். ஏனென்றால் அது நல்ல நேரம்.

வெஸ்டாவில் சூரியன் ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் உதிக்கும். ஆனால் ஆலை மேற்பார்வையாளர் ஆவுடையப்பன் கையில் பூமிப் பஞ்சாங்கம் இருந்தது. அங்கே ராகு காலம் என்றால் இங்கேயும் ராகு காலம். நல்ல நேரம் பிறந்ததும் அவர் ஒரு சூடம் ஏற்றுவார் (நிலையத்தில் நெருப்புக்கு அனுமதியில்லை, அதனால் அது ஒளியுருவச் சூடம்). ஆறு பேர் ஆறு விசைகளைத் தட்டுவார்கள். உடனே அணு உலைக்கு மூச்சு முட்டும். நடைபாதை விளக்குகள் மங்கும், உணவகத்தில் தோசைக்கல் ஆறிப்போய் சமையல்காரர் கத்துவார். பிறகு ஆறும் ஒன்றாக வெந்து, ஒன்றாக இறங்கி, ஒன்றாக ஆறும். அத்தனை சூட்டையும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் குழாய் வழியாக வெளியே, வெறும் வானத்துக்கு, அனுப்பிவிடுவார்கள். கொப்பரைகளை முன்பின்னாக ஏற்றினால் ஒன்று ஆறுகிற சூட்டில் அடுத்ததைப் பாதி காய்ச்சிவிடலாம். இவ்வளவுதான் விஷயம்! வடிவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்குதேன், கோவப்படாதீய," என்று அவள் ஆவுடையப்பனிடம் போனாள்.

அவர் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுக் காதைச் சொறிந்தார். "நீ சொல்லுத கணக்கு சரியாத்தான் இருக்கும்மா. ஆனா மூணாவது கொப்பரையும் அஞ்சாவது கொப்பரையும் ராகு காலத்துல விழுதே."

"விழுந்தா என்ன அண்ணாச்சி?"

"என்னவா? முன்னால ஒரு தடவை அவசரம்னு ராகு காலத்துல ஏத்துனோம். பிசின் கொப்பரைக்குள்ளேயே இறுகிக் கல்லாப் போச்சு. மாசக்கணக்குல உளியை வெச்சுக் கொத்தி எடுத்தோம். எங்கையைப் பாரு." உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

அன்றைக்குக் கலக்கி பழுதானதால்தான் பிசின் இறுகியது என்பது வடிவுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனாலும் கலக்கி ஏன் அன்றைக்குப் பார்த்துப் பழுதாக வேண்டும் என்று கேட்பார். அதற்கு எந்தப் பொறியியலிலும் பதில் கிடையாது. வடிவு எரிச்சலோடு வீட்டுக்குப் போனாள். படுத்தாள், எழுந்தாள், ஒழுகுகிற குழாயை முறுக்கிப் பார்த்தாள். இந்தப் பருவம் முடிந்ததும் அவள் உறைதுயிலுக்குப் போய்விடவேண்டும். அதற்குள் சேமிக்காவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு இரண்டு பேருக்கும் ஒரு வயது கூடியிருக்கும், பேச்சு இன்னும் குறைந்திருக்கும். கண்ணாடியைத் துடைக்கும்போது ஒரு நாள் அவன் குரல் எப்படி இருக்கும் என்று யோசிக்கவேண்டி வந்ததே, அந்தப் பயம் அவளைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் காலையில் அவள் ஆவுடையப்பனைப் பிடித்தாள்.

"அண்ணாச்சி, நம்ம ஊர்ல பரஸ்தானம்னு ஒண்ணு உண்டுல்லா?"

அவர் முகம் மலர்ந்தது. "உண்டே! புறப்படுத நேரம் சரியில்லைன்னா, முன்னாடியே நல்ல நேரத்துல பெட்டியைத் தூக்கிட்டுப் போய்ப் பக்கத்து வீட்டுல வெச்சிருவாக. புறப்பட்ட மாதிரி ஆயிரும். பெறகு எப்ப வேணா ரயில் ஏறலாம்."

"அப்ப கொப்பரைக்கும் பரஸ்தானம் வெச்சிருவோம். நல்ல நேரத்துல ஆறு விசையையும் தட்டுங்க. ஒரு சின்ன விளக்கு மட்டும் எரியும். கொப்பரை ஏறியாச்சு. சூடு மட்டும் அதது முறை வாரப்போ வரட்டும்."

ஆவுடையப்பன் ஒவ்வொரு கொப்பரையாகப் பார்த்தார். "பெறகு எந்தக் கொப்பரை எப்ப சூடானாலும் ராகு காலத்துல ஆரம்பிச்சதா ஆகாது," என்றார் மெதுவாக. "ஏன்னா அது ஏற்கெனவே ஆரம்பிச்சாச்சு!"

"அதேதான் அண்ணாச்சி."

"அடி சக்கை!" என்றார் ஆவுடையப்பன்.

அப்புறம் ஆலை ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே! முதல் கொப்பரை ஆறுகிற சூடு இரண்டாவதுக்குப் போயிற்று, இரண்டாவதன் சூடு மூன்றாவதுக்கு. நடைபாதை விளக்குகள் மங்கவில்லை, தோசைக்கல் ஆறவில்லை. வெளிர்நிறப் பிசினை முதலிலும் அடர்நிறப் பிசினைக் கடைசியிலும் காய்ச்சினால் நடுவில் கழுவவே வேண்டாம் என்று ஆவுடையப்பனே ஒன்றைக் கண்டுபிடித்தார். அவருக்கும் சொந்தக் காரணம் இருந்தது. அவர் மனைவி முத்துவடிவம்மைக்குப் பாறை அளவைப் பிரிவில் வேலை, அவள் துயில்கூடத்து ஐந்தாம் வரிசையில் உறங்கிக்கொண்டிருந்தாள். வடிவு சாப்பிடும்போது, குளிக்கும்போது, நடக்கும்போது எல்லாம் "எவ்வளவு சேர்ந்திருக்கு?" என்று அளவனைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். மனிதனாக இருந்தால் போதும் தாயே என்று கையெடுத்துக் கும்பிட்டிருப்பான். அளவன் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தது. பருவம் முடிவதற்கு முன்பே ஐந்தில் ஒரு பங்கு தாண்டிவிட்டது.

நிலையத் தலைவர் துரைசிங்கம் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. யாருக்கு எது கிடைத்தாலும் அது தன் கையால், நாலு பேர் பார்க்க, கிடைக்கவேண்டும் என்று நினைக்கிறவர், அவ்வளவுதான்.

"உட்காரும்மா, உட்காரு. பொருநை நிலையத்துக்கே பெருமை தேடித் தந்துட்டே! நிலையம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இப்படி ஒரு சேமிப்பு நடந்ததே இல்லை. இதை நாம சும்மா விடக்கூடாது."

"அந்தச் சேமிப்பை வெச்சு எங்க ஆட்களோட வீட்டுக்காரங்களை எழுப்பணும்னு விண்ணப்பம் குடுத்திருக்கேன், ஐயா."

"பாத்தேன், பாத்தேன். தாராளமா செஞ்சுருவோம். ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? முதல்ல உனக்கு ஒரு பாராட்டு விழா. மேடை போட்டு, மாலை போட்டு, அந்த மேடையிலேயே உத்தரவைத் தந்துடறேன்."

"விழால்லாம் எதுக்கு ஐயா? உத்தரவை மட்டும் இப்பவே குடுத்துட்டீயன்னா..."

"அட, கூச்சப்படாதேம்மா!" என்று சிரித்த தலைவர் முகத்தில் சட்டென்று கவலை படர்ந்தது. "ஒரே ஒரு சிக்கல். மண்டபம் பெருசு. விழிச்சிருக்கிறவங்கள்ல பாதிப் பேர் வேலையில இருப்பாங்க. காலி நாற்காலிக்கு முன்னால விழா நடத்தினா உனக்குத்தானே அசிங்கம்? அதனால, உறங்கறவங்க எல்லாரையும் அன்னைக்கு எழுப்பிடறதுன்னு நிலையக் குழுவுல முடிவு பண்ணியாச்சு."

வடிவு நாற்காலி நுனிக்கு வந்தாள். "எல்லாரையுமா?"

"எல்லாரையும்! உன் வீட்டுக்காரரும் வருவார். முன்னால உக்காந்து நீ மாலை வாங்கறதைப் பார்ப்பார்."

"எவ்வளவு நேரத்துக்கு ஐயா?"

"விழா முடியற வரைக்கும்."

அவள் காதுக்குள் அளவன் குரல் கேட்டது. 'உறைதுயிலில் இருக்கும் அனைவரையும் ஒரே நேரத்தில் சூடேற்றி, விழா முடிந்ததும் திரும்பக் குளிரவைக்க, சேமிப்பு முழுவதும் செலவாகும். விழா நீண்டால் போதாது.'

வடிவு எழுந்தே நின்றுவிட்டாள். "ஐயா, சூடேத்துறதுதான் பெரிய செலவு. ஒருத்தரை எழுப்புனா ஒரு பருவம் வெச்சுக்கிடணும், அப்பதான் கட்டுபடியாகும். எழுப்பி உடனே குளிர வெக்கிறது வெறும் கொப்பரையைக் கொதிக்க வெச்சு ஆத்துத மாதிரி. அதை நிறுத்துனதுக்குத்தானே எனக்கு விழா!"

"அதான் சொல்றேன், எவ்வளவு பெரிய சாதனை!" என்றார் தலைவர்.

"சேமிப்பு எங்க பிரிவோட நலனுக்குன்னு விதி இருக்கு ஐயா."

"உன்னைப் பாராட்டறது பிரிவு நலன் இல்லாம வேற என்னம்மா? குழு அப்படித்தான் விளக்கம் சொல்லியிருக்கு. அடுத்த வருஷமும் சேமிப்பேல்ல, அப்ப உன் விருப்பப்படி செஞ்சுக்கலாம்." அவர் மிகுந்த அன்போடு அவள் தோளில் தட்டி வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

வடிவு நடைபாதையில் நின்று அழுதாள். எதிரே வந்தவர்கள் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள்.

விழா நாள் வந்தது. மண்டபம் முழுக்கத் தொடர்விளக்குகள். வாசலில் தலைவரின் முப்பரிமாண ஒளியுருவம் கூரையை முட்டிக்கொண்டு கையசைத்தது. அதன் முழங்காலுக்குப் பக்கத்தில் வடிவின் படம் ஒன்று சிறியதாக இருந்தது. உறங்கியவர்களை முந்தின நாளிலிருந்தே சூடேற்றி, குளிப்பாட்டி, சலவைச் சட்டை மாட்டி, வரிசையாக அழைத்து வந்து முன்வரிசைகளில் உட்காரவைத்தார்கள். ஒளிப்பதிவில் மண்டபம் நிறைந்து தெரியவேண்டும் அல்லவா? யாரும் எழுந்து நடமாடக்கூடாது என்று நெஞ்சில் சின்னம் குத்திய தொண்டர்கள் பார்த்துக்கொண்டார்கள். உறவுக்காரர்களிடம், விழா முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். விழா முடிந்ததும் எல்லோரும் பேழைக்குப் போகவேண்டும் என்பதை அவர்கள் சொல்லவில்லை.

மேடையிலிருந்து வடிவு கோமதிநாயகத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். எட்டாம் வரிசையில் ஓரத்து நாற்காலி. அவனும் அவளைப் பார்த்தான். கையைத் தூக்கினான். கண் திறந்திருந்தது! அவளும் கையைத் தூக்கப் போனாள், அதற்குள் கழுத்தில் ஒரு மாலை விழுந்து பார்வையை மறைத்தது.

வரவேற்புரை ஆற்றியவர் மேடையில் இருந்த அத்தனை பேரையும் ஒவ்வொரு பெயராக, அடைமொழியோடு, விளித்தார். அடுத்து வந்தவரும் முதலிலிருந்து விளித்தார். மூன்றாமவர் நேரமின்மையால் சுருக்கமாக விளிப்பதாகச் சொல்லிவிட்டு எல்லோரையும் விளித்தார். சால்வைகள் வந்தன. வடிவின் மடியில் மலைபோல் குவிந்தன. அவள் சால்வைகளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கோமதிநாயகத்தின் தலை மெல்லச் சரிந்தது. நிமிர்ந்தது. மறுபடியும் சரிந்து நெஞ்சில் நின்றது.

தூங்கிவிட்டான்!

அவன் மட்டுமா? முன்வரிசை முழுவதும் கொத்துக் கொத்தாகச் சாய்ந்துகொண்டிருந்தது. பருவக்கணக்கில் தூங்கியவர்களை ஒரு ஆலையின் மிச்சத்தையெல்லாம் கொட்டி எழுப்பி, நாற்காலியில் உட்காரவைத்து மறுபடியும் தூங்கவைத்துக்கொண்டிருந்தார்கள். இதற்குப் பேழையிலேயே விட்டிருக்கலாம். ஒவ்வொரு தொடர்விளக்கும் வடிவு மிச்சம் பிடித்த சூடு. கூரையை முட்டும் அந்த ஒளியுருவம் அசைக்கும் கைக்கு மட்டும் கோமதிநாயகத்தின் ஒரு வாரக் காற்று ஆகும்.

தலைவர் எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தார். "என் உயிரினும் மேலான வெஸ்டா வாழ் பெருமக்களே!" என்றார்.

வடிவும் சால்வைகளை அள்ளிக்கொண்டு எழுந்தாள். எழுந்து மேடைப் படிகளை நோக்கி நடந்தாள். ஒரு தொண்டர் ஓடிவந்து, "அம்மா, எங்கே போறீங்க? தலைவர் பேசறப்ப மேடையில நாற்காலி காலியா இருந்தா நல்லாருக்காது," என்று கிசுகிசுத்தார். அவள் திரும்பி வந்து, கையிலிருந்த சால்வைக் குவியலை நாற்காலியில் தூக்கி வைத்தாள். மாலையைக் கழற்றி அதன் மேல் போட்டாள்.

"போதுமா? இதையே பாராட்டிக்கிட்டு இருங்க," என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

எட்டாம் வரிசையில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை நகரச் சொல்லி உட்கார்ந்தாள். தோளைத் தொட்டாள். சூடாக இருந்தது. இத்தனை நாள் கண்ணாடிதான் கைக்குப் பட்டிருக்கிறது.

"என்னங்க... எந்திரிங்க."

கோமதிநாயகம் திடுக்கிட்டு விழித்தான். "முடிஞ்சுட்டா?"

"இன்னும் இல்ல. இப்பதான் தலைவர் ஆரம்பிச்சிருக்காரு."

"நீ ஏன் இங்க வந்துட்ட? உனக்குல்லா விழா!"

"விழாவை விடுங்க." ஒரு பருவம் முழுக்க அவள் சேர்த்துவைத்த பேச்சு ஆயிரம் இருந்தது. "சாப்பிட்டீயளா?" என்றாள்.

"குழாய் வழியா என்னத்தையோ ஊத்துனாங்க." அவன் அவளையே பார்த்தான். "ஏன் இப்படி இளைச்சுப் போயிருக்க?"

அவ்வளவுதான், அவளுக்குக் கண்ணீர் உடைத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே குழாய் ஒழுகுவதைச் சொன்னாள். கொப்பரைகளைச் சொன்னாள், பரஸ்தானத்தைச் சொன்னாள். அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவன் சிரித்தால் தோள் குலுங்கும் என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. பிறகு எழுப்பினதற்கும் விழாவுக்கும் சேமிப்பு முழுவதும் போய்விட்டதைச் சொன்னாள். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்ப இது முடிஞ்சா நான் திரும்பப் போகணுமா?"

"ஆமா."

இரண்டு பேரும் மேடையைப் பார்த்தார்கள். தலைவர் ஒரு காகிதத்தைப் புரட்டினார். அதற்கு அடியில் வேறு காகிதம் இருப்பதாகத் தெரியவில்லை. பேச்சு முடிந்துவிடுமோ என்று பிறந்ததிலிருந்து வடிவு பயந்ததே இல்லை. கொப்பரையில் ஒரு கணம் கூட வெறுமனே சூடு போகக்கூடாது என்று நின்றவள், உலகத்திலேயே உருப்படாத ஒரு பேச்சு இன்னும் நீளவேண்டும் என்று எல்லாச் சாமியையும் கும்பிட்டாள்.

காதுக்குள் அளவன் பேசியது. 'பிசின் ஆலைப் பிரிவின் சேமிப்பு தீர்ந்தது. விழா நீடித்தால் நாளைய கொப்பரைகளின் பங்கிலிருந்து எடுக்கவேண்டும். நாளை ஈடு ஏற்ற முடியாமல் போகும். பிரிவுப் பொறியாளரின் அனுமதி தேவை. மறுத்தால் விழாவை இப்போதே முடிக்க அறிவிப்பேன்.'

வடிவு ஒரு கணம்தான் யோசித்தாள். "எடுத்துக்க."

'காரணம் பதிய வேண்டும்.'

"பிரிவு நலன்," என்றாள்.

மேடையில் தலைவர் தொண்டையைக் கனைத்தார். "எனவே, பெரியோர்களே, இறுதியாக..."

வடிவு பலங்கொண்ட மட்டும் கைதட்டினாள். கோமதிநாயகம் அவளைத் திரும்பிப் பார்த்தான். புரிந்துகொண்டு அவனும் தட்டினான். மூன்று வரிசைக்குப் பின்னால் ஆவுடையப்பன், எப்போதோ தொண்டர்களை ஏமாற்றிவிட்டு வந்து, முத்துவடிவம்மையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீழ்க்கை அடித்தார். அந்தச் சத்தத்தில் தூங்கியவர்கள் எல்லாம் விழித்தார்கள். பின்வரிசைகளிலிருந்து ஆட்கள் எழுந்து தங்கள் தங்கள் மனைவியை, கணவனை, பிள்ளையைத் தேடி முன்னால் வரத் தொடங்கினார்கள். தொண்டர்களால் தடுக்க முடியவில்லை. அவர்களிலேயே ஒருவர் சின்னத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நாலாம் வரிசைக்கு ஓடினார்.

தலைவர் காகிதத்தை மடித்தார். கூட்டம் இப்படிப் பெருக்கெடுத்து மேடையை நோக்கி வருவதை அவர் தன் பொதுவாழ்வில் பார்த்ததே இல்லை. ஒலிவாங்கியை இன்னும் நெருக்கிப் பிடித்தார். "உங்கள் அன்புக்காக இன்னும் ஒரே ஒரு கருத்தைச் சொல்லி..."

சொன்னார். அதற்கும் கை தட்டினார்கள். அதனால் இன்னொன்றும் சொன்னார். மண்டபம் முழுவதும் ஜோடி ஜோடியாகத் தலைகள் ஒட்டிக்கொண்டு கிசுகிசுத்தன. ஒருவர் காதிலும் தலைவரின் ஒரு சொல் விழவில்லை. ஆனால் அவர் குரல் கொஞ்சம் தணிந்தால் போதும், யாராவது ஒருவர் தட்டத் தொடங்குவார், எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். மதிப்பெண் படித்துக் காட்டியவரின் மனைவி, மகளின் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டே மறுகையால் தொடையைத் தட்டினாள்.

"உனக்கு நாளைக்கு வேலை இல்லையா?" என்று கோமதிநாயகம் கேட்டான்.

"கொப்பரை ஏறாது."

"நாளான்னைக்கு?"

"இவர் பேசுறதைப் பொறுத்து," என்றாள் வடிவு, அவன் தோளில் சாய்ந்தபடி.

தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நேரம் கருதி," என்றார், "சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்."

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. "தலைவர் பேசட்டும்!" என்று ஆவுடையப்பன் கத்தினார். "பேசட்டும், பேசட்டும்!" என்று அத்தனை பேரும் கத்தினார்கள். தலைவருக்குக் கண்கள் நிறைந்துவிட்டன. ஒரு குவளை தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, நிலையம் உருவான வரலாற்றை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.